பிரேக் அக்காவின் கைப்பைக் குறடு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. மாணவர்கள் வைத்த பெயர். பயிற்சி காரில் இரண்டு பக்கமும் பிரேக் இருக்கும். ஓட்டுபவர் மறந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மிதிக்கலாம். பதினேழு வருடமாக அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மிதித்து மிதித்து, அக்காவின் வலது கால் எங்கே போனாலும் பிரேக்கைத் தேடும். பேருந்தில் மிதிப்பாள். டிவியில் வில்லன் காரை வேகமாக ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்தபடி மிதிப்பாள். பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தபோது மிதித்ததில், கீழே இருந்த குப்பைக்கூடை உருண்டு ஓடியது.

கால் மட்டுமல்ல. அவளுக்கு மொத்தமாகவே இருப்புக் கொள்ளாது. காலையில் ஐந்து பேருக்குப் பாடம் எடுத்துவிட்டு மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவாள். வந்தால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவாள். "உக்காந்து சாப்பிட்டா ஒடம்புல ஒட்டாதா?" என்று மகள் கேட்டால், "நின்னாத்தான் கீழ இறங்கும்" என்பாள்.

அவள் கணவர் அதற்கு நேர் எதிர். கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அரைத்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் பொறுப்பு. லென்ஸின் ஓரத்தை அரைக்கத் தொடங்கிவிட்டால், தும்மல் வந்தாலும் வேலையை முடித்துவிட்டுத்தான் தும்முவார் என்று கடை முதலாளி சொல்வார். கண்ணாடிக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதட்டிப் பேசி யாரும் பார்த்ததில்லை. அவசரப்பட்டும் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரே ஒரு குறை. கடையில் முடி அளவு திருகாணியை மூச்சைப் பிடித்துக்கொண்டு பொருத்துகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் எதையும் தொடமாட்டார். குழாய் சொட்டினாலும் கதவு உரசினாலும் ஒரே பதில்தான்.

"ஆள வரச் சொல்றேன்."

அந்த ஆள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, "ஆள் மாமா எப்பப்பா வருவாரு?" என்று கேட்டிருக்கிறாள். சமையலறை அலமாரியின் ஒரு கதவு, மேல் கீல் பிடுங்கிக்கொண்டு, ஒற்றைத் திருகாணியில் ஐந்து மாதம் தொங்கியது. டம்ளர் எடுக்கும்போதெல்லாம் அதை இடது தோளால் தாங்கிக்கொண்டு வலது கையால் எடுக்க வேண்டும். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் கருவிப் பெட்டி இல்லாமல் இல்லை. பரண்மேல் இருந்தது. அதை எடுக்க ஏணி வேண்டும். ஏணியின் மூன்றாவது படி ஆடும். அதை முடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குள் இருந்தது.

இந்தச் சுழலிலிருந்து அக்காவை விடுவித்தது ஒரு மாணவி. ரொட்டிக் கடை வைத்திருந்த அம்மாள், ஐம்பத்து மூன்று வயது. ஐந்து முறை ஓட்டுநர் தேர்வில் தோற்று, ஆறாவது முறை போனபோது, காரின் பக்கவாட்டுக் கண்ணாடி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. "கண்ணாடி ஆடுற வண்டியில டெஸ்ட் எடுக்க முடியாது, போயிட்டு அடுத்த மாசம் வாங்க" என்றார் அதிகாரி. அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். அவிழ்ந்த கூந்தலைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஊசியின் முனையைத் திருகாணிப் பள்ளத்தில் கொடுத்து மூன்று சுற்றுச் சுற்றி நிறுத்தினாள். அம்மாள் தேர்ச்சி பெற்றாள்.

ஒரு வாரம் கழித்து அம்மாள் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி.

"மேடம், கொண்டை ஊசியால எத்தன நாளைக்கு ஓட்டுவீங்க? இத வெச்சுக்கோங்க."

பெட்டிக்குள் ஒரு மல்டிடூல். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் குறடு. இரண்டு கைப்பிடிகளுக்குள்ளும் வரிசையாக ஒரு பேனாக்கத்தி, தட்டை முனையும் நட்சத்திர முனையுமாக இரண்டு ஸ்க்ரூ டிரைவர், விரல் நீள அரம், டப்பா திறக்கிற கொக்கி, பொம்மைக்குச் செய்தது போல ஒரு கத்தரி. அக்கா ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி வெளியே எடுத்துப் பார்த்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே சமையலறைக்குப் போய் அலமாரிக் கதவைத் தோளில் தாங்கினாள். பழைய துளை பெருத்துவிட்டிருந்தது. ஒரு தீக்குச்சியை ஒடித்து உள்ளே செருகி, அதன்மேல் திருகாணியை முடுக்கினாள். கதவு நேராக நின்றது.

ஐந்து மாதத் தொங்கல், மூன்று நிமிட வேலை. கணவர் வந்ததும் அவர் கண்ணெதிரே கதவை நாலு தரம் திறந்து மூடிக் காட்டினாள்.

"ஆள் வந்துட்டுப் போனாரா?" என்றார் அவர்.

"வந்தாச்சு. இனிமே இங்கதான் இருப்பாரு" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து குறடு அவள் கைப்பையை விட்டு இறங்கவில்லை. சீப்பு, லைசன்ஸ், மாத்திரைப் பட்டை, அதற்குப் பக்கத்தில் அது. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததால், பார்த்த மாத்திரத்தில் வேலை முடிந்தது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் வாய்மூடியைக் கழற்றி, உள்ளே வலையில் அடைத்த மணலைத் தட்டிவிட்டுத் திருப்பி மாட்டினாள். வாணலிக் கைப்பிடி ஆடுவதை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு முடுக்கினாள். மகளின் பைக்கு ஜிப் தடம் மாறினால் ஓட்டியைக் குறட்டால் லேசாக அமுக்கிச் சரிசெய்தாள். சுவிட்சுப் பலகை கழன்றிருந்தால் மட்டும் முதலில் மெயினை அணைத்துவிட்டு, அதன் பிறகும் ஒரு தரம் விளக்கைப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கை வைப்பாள். அதில் மட்டும் அவளிடம் அவசரம் கிடையாது.

தன் வீடு முடிந்ததும் கை மற்ற வீடுகளுக்கு நீண்டது. அங்கேதான் வம்பு. கணவரின் அக்காள், அதாவது நாத்தனார், புது வீட்டுக்குக் குடிபோனாள். பார்க்கப் போன பிரேக் அக்கா, காப்பி வருவதற்குள் வரவேற்பறைக் கதவின் கைப்பிடியை முடுக்கிவிட்டாள். காப்பி ஆறுவதற்குள் குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு நூல் அளவு கீழே இறக்கினாள். ஜன்னல் திரைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நாற்காலியை இழுத்தபோது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"நீ வீட்டப் பாக்க வந்தியா, வீட்டுல என்ன ஓட்டைனு பாக்க வந்தியா?"

"இல்ல அண்ணி, ஆடுச்சு, அதான்..."

"ஆடட்டும்! என் வீட்டுக் கம்பி, அது ஆடும், பாடும். நீ கீழ எறங்கு."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. இறங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணாடிக்காரர் காப்பியைக் குடித்தபடியே சொன்னார்: "அந்தக் குறட்ட ஒண்ணும் சொல்லாதக்கா. அது அவளுக்கு மூத்த புள்ள. பொண்ணு ரெண்டாவதுதான்." எல்லாரும் சிரித்தார்கள், நாத்தனாரும்தான். ஆனால் திரும்பி வரும் வழியில் அக்கா, "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று மூன்று முறை கேட்டாள். அவர் மூன்று முறையும், "ஒண்ணும் பண்ணல" என்றார்.

இப்படி ஆறேழு வருடம் போயிற்று. மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக்காரர் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். இடது காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில் விரலை வைத்தார். "இங்க வந்து தொட்டுப் பாரேன்" என்று அக்காவைக் கூப்பிட்டார். அவள் தொட்டாள். சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று. வலியில்லை என்றார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஒரு நாலு மாசம் இருக்குமோ என்னமோ" என்றார்.

"நாலு மாசமா! இதுக்கும் ஆள் வரட்டும்னு இருந்தீங்களா?"

மறுநாளே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லைனு இப்பவே சொல்ல முடியாது, பயப்படணும்னும் சொல்ல மாட்டேன். ஏழு நாள்ல ரிசல்ட் வந்துடும்."

ஏழு நாள். கண்ணாடிக்காரர் வழக்கம்போல மறுநாள் காலை கடைக்குப் போனார். அக்காதான் வீட்டில் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

முதல் நாள் வீட்டிலுள்ள எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டாள். இரண்டாம் நாள் எல்லா நாற்காலிகளையும் கவிழ்த்துப் போட்டு முடுக்கினாள். மூன்றாம் நாள் சோபாவின் கால்கள். அதற்குப் பிறகு பழுதான பொருள் என்று வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. நான்காம் நாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினாள். திருப்பி மாட்டியபோது அது ஓடியது, ஆனால் நொடிமுள் பன்னிரண்டைத் தாண்டும்போது ஒரு தடவை திக்கியது. மகள் படிக்கிற மேசையின் இழுப்பறைகளைக் கழற்றி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, "அம்மா, நாளைக்கு எனக்குப் பரீட்சைம்மா, மேசைய விட்டுடும்மா" என்று மகள் கெஞ்சினாள்.

வேலையிலும் நிலைகொள்ளவில்லை. ஒரு மாணவர் காலியான சாலையில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது சம்பந்தமில்லாமல் பிரேக்கை மிதித்தாள். "அக்கா, எதுத்தாப்ல யாருமே இல்லையே?" என்றார் அவர். "இருந்தா என்ன பண்ணுவ?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

அவளை அலைக்கழித்தது இன்னொன்று. கண்ணாடிக்காரர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், கடைக்குப் போனார். தூங்கும்போது அவர் காதுக்குக் கீழேயே அவள் கண் போகும். நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதா என்று பார்ப்பாள். தொட்டுப் பார்க்கக் கை நீளும், அவர் விழித்துவிடுவாரோ என்று இழுத்துக்கொள்வாள். இந்த மனுஷனுக்கு பயமே கிடையாதா, இல்லை, மனசே கல்லா என்று உள்ளுக்குள் கோபமாக வந்தது. கோபம் வந்தால் எதையாவது முடுக்கினாள்.

ஆறாம் நாள், ஞாயிறு. மகள் தோழி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். கண்ணாடிக்காரர் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா குளியலறைக்குள் போனாள். குழாய் சொட்டவில்லை. ஆனாலும் அதன் கழுத்தில் இருந்த நட்டு லேசாக அசைவது போலப் பட்டது. குறட்டை விரித்துக் கவ்வினாள். முடுக்கினாள். இன்னும் கொஞ்சம் முடுக்கினாள். குறடு வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கின. விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருப்புத் திருப்பினாள்.

குழாய் கையோடு வந்துவிட்டது.

சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி எதிர்ச்சுவரில் அடித்தது. அக்கா உள்ளங்கையால் பொத்தினாள். விரலிடுக்கெல்லாம் தண்ணீர். முகத்திலும் மார்பிலும் அடித்தது. "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் ஓடி அவள் பார்த்தது கல்யாணமான பிறகு அன்றுதான் முதல் தடவை. மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயின் வால்வை மூட ஓடினார். வருடக்கணக்காகத் தொடாத வால்வு. துருப்பிடித்து இறுகியிருந்தது.

"திரும்ப மாட்டேங்குது!" அங்கிருந்து குரல் வந்தது.

"குறட்ட எடுத்துட்டுப் போங்க!"

அவர் நனைந்த தரையில் வழுக்கிக்கொண்டே வந்து, அவள் காலடியில் கிடந்த குறட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஓடினார். வால்வின் தலையைக் குறட்டால் கவ்வி, கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் என்று அசைத்து அசைத்து இளக்கினார். தண்ணீர் தடிமன் குறைந்து, நூலாகி, நின்றது.

கூடம் வரைக்கும் வெள்ளம். செய்தித்தாள் மிதந்து வந்து கதவில் ஒட்டிக்கொண்டது. அக்கா தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்டக் குளியலறை வாசலில் நின்றாள். கையில் உடைந்த குழாய். உடனே துடைப்பத்தைத் தேடினாள்.

"கொஞ்சம் உக்காரு" என்றார் அவர்.

"தண்ணி கூடத்துக்குப் போவுது, மொதல்ல..."

"போவட்டும். உக்காரு."

அந்தக் குரல் அவளுக்குப் புதிது. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தார். குறட்டை மடக்கித் தரையில் வைத்தார்.

"எனக்கு பயமா இருக்கு" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாலு நாளா கடையில லென்ஸ் ஒடையுது. மூணு ஒடச்சுட்டேன். முதலாளி ஒண்ணும் சொல்லல, ஆனா பாக்குறாரு. ஒங்கிட்ட சொல்லலாம்னு வந்தா நீ சோபாவக் கவுத்துப் போட்டுட்டு நிக்கிற. மறுநாள் வந்தா கடிகாரத்தப் பிரிச்சுட்டு நிக்கிற. டக்கு டக்குனு வீடு பூரா சத்தம். நான் எங்க வந்து இத சொல்றது?"

"நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்களே..."

"ஒரே பக்கத்த ஆறு நாளாப் பாத்துட்டு இருக்கேன்."

அக்காவுக்கு அழுகை வந்தது. ஏற்கெனவே முகமெல்லாம் தண்ணீர் என்பதால் தனியாகத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. "எனக்கும்தான்" என்றாள். "கைய சும்மா வெச்சா என்னென்னமோ தோணுது. அதான்."

"தெரியும். ஆனா நாளைக்கு வரைக்கும் எதையும் கழட்டாத. எங்கூட இரு."

பிறகு அவர், மகளிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லையே என்றார். அக்கா, அவளுக்கு எல்லாம் தெரியும், டாக்டர் சீட்டை எடுத்துப் படித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போலத் திரிகிறாள் என்றாள். அவர் ஆச்சரியப்பட்டார். ஒருவேளை வேலைக்குப் போக முடியாமல் போனால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றாள். அவள் கால் விரல்கள் மட்டும் ஈரத் தரையில் தாளம் போட்டுக்கொண்டேயிருந்தன.

குழாய் வேலைக்கு உண்மையாகவே ஒரு ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மதியம் வந்தார். மழுங்கிய நட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இத இப்படி இறுக்கினது? ஏதாவது கோவமா?"

அக்கா தரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"நட்டுக்கு ஸ்பேனர்தாங்க போடணும். குறடு போட்டா வழுக்கும், வழுக்குனா இன்னும் இறுக்கத் தோணும், கடைசில இப்படித்தான்." உடைந்த குழாயின் மரை ஒரு வளையமாகச் சுவருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. தன் பையிலிருந்த உளியால் முயன்றார். அது தடிமனாக இருந்தது, உள்ளே போகவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். அக்கா தயங்கித் தயங்கிக் குறட்டை நீட்டினாள். அவர் அதிலிருந்த அரத்தை விரித்து, வளையத்தை ஒரு ஓரத்தில் அறுத்து நெம்பி, இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்தார். துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்ல சாமாங்க. சின்ன வேலைக்கு மட்டும் வெச்சுக்கோங்க" என்றார்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் காவலாளி அக்காவின் பையைத் திறந்து பார்த்தார். "என்னம்மா இது, உள்ள கத்தி இருக்கு?" என்று குறட்டை வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பப் பெற எண் போட்ட ஒரு வில்லையைக் கொடுத்தார். வெறும் பையோடு காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கூப்பிடுகிறவரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அக்கா அந்த வில்லையை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாள். கீழே விழுந்தது, எடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை கண்ணாடிக்காரர் அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் கையை அவள் கைக்குள் வைத்தார்.

"உமிழ்நீர்ச் சுரப்பியில ஒரு கட்டி. சாதாரணக் கட்டிதான், கெட்டது இல்ல" என்றார் டாக்டரம்மா. அக்கா மூச்சு விட்டாள். "ஆனா விட்டா வளரும், பின்னால மாறவும் வாய்ப்பு இருக்கு. எடுத்துடணும். முகத்துக்குப் போற நரம்பு அதுக்குப் பக்கத்துலயே போவுது. கவனமா எடுப்போம். இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு ஒரு பக்கம் சோர்ந்து போகலாம்."

மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா சொன்னபடியே இடது பக்கம் சோர்ந்துவிட்டது. வாய் ஓரம் இறங்கியது. சாப்பிடும்போது அந்தப் பக்கம் வழிந்தது. எல்லாவற்றையும்விடத் தொல்லை, இடது கண் முழுதாக மூடவில்லை. தூங்கும்போது கண்ணில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். காய்ந்து போனால் கண் புண்ணாகிவிடும், சொட்டு மருந்து விட்டு, படுக்கும்போதெல்லாம் இமையை இழுத்து ஒட்டிவிடுங்கள் என்று ஒரு சுருள் மருத்துவ டேப்பைக் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக் கத்தரி பெரியது. டேப்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு கோணலாகக் கிழித்தது. அக்கா குறட்டின் சின்னக் கத்தரியை விரித்தாள். ஸ்பிரிட்டால் துடைத்தாள். கட்டைவிரல் நகத்தின் அகலத்தில் இரண்டு துண்டு, முனைகளை வளைவாக வெட்டினாள். அது கச்சிதமாக வெட்டியது. ஆனால் ஒட்டும்போது அவள் கை அவசரப்பட்டது. ஒரு தடவை இமை முடி மாட்டிக்கொண்டது. அவர் துடித்துப் போனார்.

"லென்ஸ் வைக்கிற மாதிரி வையி" என்று குழறலாகச் சொன்னார். "மூச்ச உள்ள இழுக்காத. வெளிய விட்டுட்டு, அப்புறம் கையக் கொண்டா."

அவள் மூச்சை வெளியே விட்டாள். இமையை ஒரு விரலால் இறக்கினாள். ஒட்டினாள். நின்றது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை என்று இது நடந்தது.

அவருடைய மூக்குக்கண்ணாடியின் கால் காதுக்குப் பின்னால் தையல்மேல் உரசியது. அக்கா குறட்டோடு வந்தபோது மட்டும் அவர் கையை நீட்டித் தடுத்தார். "அந்தக் கடப்பாறையால என் கண்ணாடியத் தொடாத." கடையிலிருந்து தன் சின்ன ஸ்க்ரூ டிரைவரை மகளிடம் சொல்லி எடுத்துவரச் செய்து, தானே ஒரு காலைக் கழற்றிவிட்டு, நூல் கட்டி மாட்டிக்கொண்டார். நாத்தனார் பார்க்க வந்தபோது, "என்னடா தம்பி, பாதிக் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்க?" என்று சிரிக்கப் போய், அவர் திரும்பிச் சிரித்த கோணல் சிரிப்பைப் பார்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

ஆறு வாரம் இப்படிப் போனது. அக்கா பாடங்களுக்கு இடையே ஓடி ஓடி வந்து போனாள். வழியில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட ஸ்டியரிங்கில் விரல் தட்டிக்கொண்டிருக்கும். நரம்புக்கு வலு திரும்பிவிடும் என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. தினமும் காலையில் அக்கா அவரை எதிரே உட்கார வைத்துப் புருவத்தைத் தூக்கச் சொல்வாள், கன்னத்தை உப்பச் சொல்வாள், விசில் அடிக்கச் சொல்வாள். ஒரு நாள் தூக்கினது போலத் தோன்றும், மறுநாள் இல்லை. "பாத்துப் பாத்து நீயே புருவத்தத் தூக்குற" என்பார் அவர்.

ஏழாவது வாரத்தில் ஒரு மதியம். அவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். அக்கா சமையலறையில் டேப்பை வெட்டினாள். மூன்று மணிக்கு ஒரு மாணவிக்கு முதல் பாடம். நேரமாகிவிட்டது. வெட்டிய இரண்டு துண்டுகளையும் சுட்டுவிரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வேகமாகக் கூடத்துக்கு வந்தாள்.

அவர் தூங்கிப் போயிருந்தார். குனிந்து மூச்சை வெளியே விட்டாள். இமையை இறக்கக் கை கொண்டு போனவள் நிறுத்தினாள். வெள்ளைக் கோட்டைக் காணவில்லை.

இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். தரையில் மண்டியிட்டுக் கீழிருந்து பார்த்தாள். இமை இமையோடு சேர்ந்திருந்தது. வலது கண் எப்படியோ அப்படியே இடது கண்ணும். அறைக்குள் படித்துக்கொண்டிருந்த மகளைப் போய் இழுத்துக்கொண்டு வந்தாள். "பாரு. நீ பாரு. எனக்கு மட்டுந்தான் அப்படித் தெரியுதா?" மகள் அருகில் போய்ப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

செல்போன் அதிர்ந்தது. பள்ளியிலிருந்து. மாணவி காத்திருக்கிறாள். "கௌம்பிட்டேன், வழியிலதான் இருக்கேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, இன்னும் ஒரு தடவை பார்த்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது.

டேப் துண்டுகள் இரண்டும் இன்னும் விரல் நுனியில் இருந்தன. அவற்றை எங்கே போடுவதென்று தெரியவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.